நெம்புகோலை நோக்கிப் போகும் கை: சிமுலேட்டர் பயிற்றுநரின் வேலை

2015 பிப்ரவரி 4 காலை, தைபேயின் சோங்ஷான் விமான நிலையத்திலிருந்து கின்மென் தீவை நோக்கி டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600 விமானம் கிளம்பியது. உள்ளே 58 பேர். ஓடுபாதையை விட்டு எழும்பி ஆயிரம் அடியைத் தாண்டிய நேரத்தில், வலப்புறச் சுழல்விசிறியின் இதழ்கள் தாமாகவே காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பிக்கொண்டன. அந்தப் பக்கத்து உந்துவிசை போய்விட்டது. இதழ்கள் இப்படித் திரும்புவதை விமானிகள் ‘ஃபெதர்’ என்பார்கள். இது உயிரைக் குடிக்கும் பழுது அல்ல. ஒரே இயந்திரத்தோடு மேலே ஏறி, சுற்றி வந்து, அதே ஓடுபாதையில் இறங்க அந்த விமானத்தால் முடியும். ஆனால் கேப்டனின் கை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்புற இயந்திரத்தின் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தது. பிறகு அந்த இயந்திரம் அணைக்கவும்பட்டது. தவறு புரிந்து மறுபடி இயக்க முயன்றபோது உயரம் மிச்சமில்லை. மேம்பாலம் ஒன்றை உரசிக்கொண்டு கீலுங் ஆற்றில் விழுந்தது விமானம். 43 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையில் என்னை நிறுத்தி வைத்தது ஆற்றின் படமோ கருவிகளின் வரைபடமோ அல்ல. அந்தக் கேப்டனின் பயிற்சிப் பதிவுகளைப் பற்றிய பக்கங்கள்தான். பதவி உயர்வுக்கான பயிற்சிக் காலத்திலேயே, அவசர நிலைகளைக் கையாளுவதில் அவருக்கிருந்த குறைகளைப் பயிற்றுநர்கள் எழுதி வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர், தரையிலேயே பறப்பைப் போலச் செய்துகாட்டும் சிமுலேட்டரின் பின் இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறார். பார்த்ததை எழுதியும் இருக்கிறார். இந்தக் கட்டுரை அந்தப் பின் இருக்கையைப் பற்றியது.

விமானப் பயிற்றுநர் என்றதும் நம் மனத்தில் எழுவது, மாணவனின் பக்கத்தில் அமர்ந்து வானத்தைக் காட்டும் ஆசிரியரின் உருவம். சிறிய விமான நிறுவனத்தின் சிமுலேட்டர் பயிற்றுநர் வானத்தையே பார்ப்பதில்லை. உயரமான கூடம் ஒன்றில், ஆறு கால்களில் நிற்கும் பெரிய வெள்ளைப் பெட்டிக்குள் அவருடைய பணிநேரம் கழிகிறது. ஒரு சிறு பாலத்தைக் கடந்து உள்ளே போக வேண்டும். கதவு மூடியதும் பாலம் விலகிக்கொள்ளும். பிறகு பெட்டி அசையத் தொடங்கும். முன்பாதி, திருகாணி வரை உண்மையான விமானி அறை. பின்பாதியில் பயிற்றுநரின் நாற்காலி, இரண்டு மூன்று தொடுதிரைகள், ஒரு ஒலிவாங்கி.

ஆறு கால்கள் எப்படி ஒரு விமானமாகின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பயிற்றுநரின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கால்கள் நீண்டும் குறுகியும் பெட்டியை ஆறு வகைகளில் அசைக்கும்: முன்பின், இடவலம், மேல்கீழ் நகர்வுகள், பிறகு சாய்வது, மூக்கு உயர்வது, திரும்புவது. கால்களின் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஓடுபாதையில் அரை நிமிடம் தொடரும் வேகமுடுக்கத்தை அவற்றால் உண்மையாகத் தர முடியாது. எனவே ஒரு தந்திரம். முதல் கணத்தில் பெட்டி சற்று முன்னே பாயும். பிறகு, உட்காதின் சமநிலை உறுப்புக்குத் தெரியாத அளவு மெதுவாக, பின்பக்கம் சாயும். வெளியே தெரியும் காட்சியில் அடிவானம் கிடைமட்டமாகவே நிற்கும். முதுகை இருக்கையோடு அழுத்துவது புவியீர்ப்பு. மூளை அதை வேகமுடுக்கம் என்று ஏற்றுக்கொள்கிறது. காட்சியும் அப்படித்தான். ஐரோப்பிய விதிகளின்படி, மிக உயர்ந்த தரமான ‘டி’ நிலைச் சிமுலேட்டரில் ஒவ்வொரு விமானிக்கும் குறைந்தது 180 பாகை அகலமும் 40 பாகை உயரமும் கொண்ட காட்சி வேண்டும். வளைந்த கண்ணாடி ஒன்றின் வழியாக வருவதால், ஒளி வெகு தொலைவிலிருந்து வருவதுபோலவே கண்ணில் விழும். ஒழுங்குமுறை அதிகாரிகள் இந்த இயந்திரத்தை உண்மையான விமானத்தின் பறப்புத் தரவுகளோடு ஒப்பிட்டுக் குறித்த காலத்துக்கொரு முறை சோதிக்கிறார்கள். அப்படிச் சான்று பெற்ற பெட்டியிலேயே, ஒரு வகை விமானத்தை ஓட்டும் தகுதிக்கான பயிற்சியின் பெரும்பகுதியை முடித்துவிட முடிகிறது. பல நாடுகளில், போதிய அனுபவமுள்ள விமானி அந்த வகை விமானத்தை முதன்முதலில் உண்மையாகத் தொடும் நாளில் அவருக்குப் பின்னால் பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவும் ஓர் இசைக்கருவிப் பட்டறையில் தொடங்கியது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் தந்தையின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே 1929இல் ஓர் ஆடும் விமானத்தைச் செய்தார். அதை முதலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934இல் அமெரிக்க ராணுவ விமானப் படையிடம் தபால் சுமக்கும் வேலை கொடுக்கப்பட்டபோது, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத இளைஞர்கள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்க்கிடமிருந்து ஆறு பயிற்சிப் பெட்டிகளை வாங்கியது. இந்தத் துறையின் வரலாற்றில் இந்த வரிசை மாறுவதேயில்லை: முதலில் சாவு, பிறகு பயிற்சி.

பெரிய நிறுவனத்தின் பயிற்றுநருக்கும் பிராந்திய நிறுவனத்தின் பயிற்றுநருக்கும் வேலையின் பெயர் ஒன்றுதான். எதிரே உட்காரும் ஆள்தான் வேறு. ஐம்பது முதல் தொண்ணூறு இருக்கைகள் கொண்ட ஏடிஆர், டேஷ் 8, சிஆர்ஜே, எம்பிரேயர் விமானங்களை ஓட்டும் பிராந்திய நிறுவனங்கள், பெரும்பாலான விமானிகளுக்கு முதல் வேலை தரும் இடங்கள். சிறு பயிற்சி விமானத்தில் தனியாகப் பறந்து பழகியவர் முதன்முறையாக இன்னொருவரோடு சேர்ந்து ஒரு விமானத்தை ஓட்டக் கற்பது இங்கேதான். சில ஆண்டுகளில் அவர் பெரிய நிறுவனத்துக்குப் போய்விடுவார். அவர் இடத்துக்கு இன்னொரு புதியவர் வருவார். துணை விமானிகள் விரைவாகக் கேப்டன்களாகிறார்கள், ஏனென்றால் மூத்த கேப்டன்கள் போய்விட்டார்கள். ஆகவே இங்கே பயிற்றுநரின் அட்டவணையில் தொடக்கப் பயிற்சிக்கும் பதவி உயர்வுப் பயிற்சிக்கும் ஓய்வே இல்லை.

பறப்பும் எளிதல்ல. குறுகிய ஓடுபாதைகள், ஒரே நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்கும் வேலை, பெரிய ஜெட் விமானங்கள் ஏறித் தாண்டிவிடும் மேகங்களுக்குள்ளேயே நீண்ட நேரம், பனி உறையும் உயரங்கள். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே ஓர் ஏடிஆர் 72 இறக்கையில் உறைந்த பனியால் கட்டுப்பாட்டை இழந்து விழுந்ததில் 68 பேர் இறந்தார்கள். சுழல்விசிறி விமானம் ஓட்டுபவர்களின் பயிற்சியில் பனிக்கு இருக்கும் இடத்தை ஜெட் விமானிகள் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

பயிற்சி நாள் எப்படிப் போகும்? வழக்கமாக ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் முன் விளக்கம், நான்கு மணி நேரம் பெட்டிக்குள், பிறகு அலசல். இரண்டு விமானிகள், ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டும் பொறுப்பு, மற்ற இரண்டு மணி நேரம் கண்காணிக்கும் பொறுப்பு. இயந்திரத்தின் விலை அதிகம். பிராந்திய வகை விமானங்களுக்கான சிமுலேட்டர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் அவை நாள் முழுதும், இரவு முழுதும் ஓடும். பராமரிப்புக்குச் சில மணி நேரம் மட்டும் நிற்கும். சொந்தமாகச் சிமுலேட்டர் இல்லாத நிறுவனம் வாடகைக்கு நேரம் எடுக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் பிறர் விரும்பாத நள்ளிரவு நேரம். அதிகாலை மூன்று மணிக்கு, உடல் தூங்கச் சொல்லும் நேரத்தில், ஒருவரின் தொழிலைத் தீர்மானிக்கும் சோதனையை நடத்துவது இந்த வேலையின் இயல்பான பகுதி. அந்த நேரத்தில் விமானியின் தவற்றைக் களைப்பிலிருந்து பிரித்தறிவது எனக்குத் தெரிந்த கடினமான மதிப்பீடுகளில் ஒன்று. பயிற்றுநருக்கும் அதே களைப்புதான்.

வாடகைச் சிமுலேட்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. அது உங்கள் நிறுவனத்தின் விமானத்தைப் போலவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு திரை வேறு இடத்தில் இருக்கலாம், மென்பொருளின் பதிப்பு மாறியிருக்கலாம். சிறு வேறுபாடுதானே என்று தோன்றும். 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737-400 விமானத்திலும் விமானிகள் அணைத்தது நல்ல இயந்திரத்தைத்தான். 47 பேர் இறந்தார்கள். முந்தைய ரக 737இலிருந்து மாறி வந்த அவர்களுக்கு, புதிய ரகத்தின் கருவிப் பலகையில் சிமுலேட்டர் பயிற்சி கிடைத்திருக்கவில்லை. நல்ல பயிற்றுநர் ‘இங்கே இப்படி இருக்கிறது, உங்கள் விமானத்தில் அப்படி இருக்கும்’ என்பதை முன் விளக்கத்தில் ஒரு வரியில் கடந்துவிடுவதில்லை. படத்தை எடுத்து வைத்து விரலால் காட்டுகிறார்.

கதவு மூடியபின் அவர் ஒரே ஆளாக ஓர் உலகத்தையே நடத்த வேண்டும். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அவர்தான். பயணிகள் பகுதியிலிருந்து ‘புகை வாசனை வருகிறது’ என்று அழைக்கும் பணிப்பெண்ணும் அவர்தான். தரைப் பொறியாளர், நிறுவனத்தின் அலுவலகம், தொலைவில் பறக்கும் இன்னொரு விமானம், எல்லாமே அந்த ஒரே ஒலிவாங்கி. இதை நடிப்பு என்று லேசாக எண்ணிவிடக் கூடாது. உண்மையான கட்டுப்பாட்டாளர் நெருக்கடியான நேரத்தில் வேறு விமானத்தோடு பேசிக்கொண்டிருப்பார். உங்கள் முதல் அழைப்பைக் கேட்காமலும் போவார். பயிற்றுநரின் கட்டுப்பாட்டாளர் உடனே, தெளிவாக, வேண்டியதையெல்லாம் தந்தால், விமானி கற்பது இல்லாத ஓர் உலகத்தை. மாறாக, வேலை குவிந்திருக்கும் நொடியில் வேண்டுமென்றே கேள்விகளால் துளைத்தாலும் பயனில்லை. அப்போது விமானி போராடுவது பழுதோடு அல்ல, பயிற்றுநரோடு.

பெட்டி சிறியது. திரையைத் தொடும் விரலின் சத்தம்கூட முன்னால் கேட்கும். பயிற்றுநர் நிமிர்ந்து உட்கார்ந்தாலே ‘ஏதோ வரப்போகிறது’ என்று இரண்டு கழுத்துகள் விறைப்பதுண்டு. எனவே அனுபவசாலிகள் பழுதுகளை முன்கூட்டியே, ஓர் உயரத்திலோ வேகத்திலோ தானாக வரும்படி அமைத்து வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இந்த எதிர்பார்ப்புதான் சிமுலேட்டரின் பெரிய குறை என்று நான் கருதுகிறேன். உலகம் முழுதும் விமானிகள் மிக அதிகமாகப் பழகும் பயிற்சி, வி1 வேகத்தில் இயந்திரம் நின்றுபோவது. வி1 என்பது, அதைத் தாண்டினால் ஓடுபாதையில் நிறுத்த முடியாது, பறந்தே தீர வேண்டும் என்ற முடிவு வேகம். அந்த நொடியில் ஒரு பக்க இயந்திரம் போகும். விமானம் பக்கவாட்டில் திரும்பும். சுக்கான் மிதியை அழுத்தி நேராக்கி, மூக்கை உயர்த்தி, ஏறுவது உறுதியானதும் சக்கரங்களை உள்ளிழுத்து, பாதுகாப்பான உயரம் வரும்வரை வேறு எதையும் தொடாமல் இருக்க வேண்டும். அதன் பிறகே ‘எந்த இயந்திரம்?’ என்ற கேள்வி. ஒருவர் நெம்புகோலின் மேல் கைவைத்து, ‘இது இரண்டாம் இயந்திரம், உறுதிப்படுத்துங்கள்’ என்பார். மற்றவர் கருவிகளைப் பார்த்து ‘உறுதி’ என்று சொன்ன பிறகே நெம்புகோல் நகர வேண்டும். இதை ஆறு மாதத்துக்கொரு முறை செய்து செய்து எல்லோரும் தேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் தேர்ந்திருப்பது, எந்த நொடியில் வரும் என்று தெரிந்த ஒரு பழுதில். சோங்ஷானில் அது வி1இல் வரவில்லை. எல்லாம் முடிந்தது, இனி வழக்கமான ஏற்றம்தான் என்று மனம் தளர்ந்த இடத்தில் வந்தது. திடுக்கிடலில் மனம் சுருங்கிப்போகும். அப்போது வேலை செய்வது கை மட்டுமே. அந்தக் கைக்கு ‘உறுதி’ என்ற சொல்லுக்காகக் காத்திருக்கத் தெரியுமா என்பதைத்தான் பயிற்றுநர் தேட வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய பழுது தேவையில்லை. வழக்கமான பறப்பில், ஒன்றுமில்லாத ஒரு நிமிடத்தில், சிறிய எச்சரிக்கை விளக்கு ஒன்றை எரியவிட்டுக் கைகள் எங்கே போகின்றன என்று பார்த்தாலே போதும்.

எனக்கு இந்த வேலையின் நடுப்புள்ளியாகத் தோன்றுவது இதுதான். சிமுலேட்டருக்கு நல்லது கெட்டது தெரியாது. எதைச் செய்யச் செய்தாலும் அதைக் கைக்கு ஏற்றிவிடும். தவறான பழக்கத்தையும் அதே உறுதியோடு ஏற்றும்.

இதற்கு 2001 நவம்பர் 12 சான்று. நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300-600, முன்னால் போன பெரிய விமானத்தின் காற்றுச் சுழலில் ஆடியது. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி சுக்கான் மிதியை முழு வேகத்தில் இடமும் வலமுமாக மாறி மாறி அழுத்தினார். வால் செங்குத்துத் துண்டு முறிந்து விழுந்தது. தரையில் இருந்த ஐவரையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த விமானத்தின் சுக்கான் அமைப்பின் வடிவமைப்போடு, நிறுவனத்தின் சொந்தப் பயிற்சித் திட்டத்தின் சில கூறுகளையும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அந்தத் திட்டத்தின் சிமுலேட்டர் பயிற்சி ஒன்றில், காற்றுச் சுழல் விமானத்தை மிகையாகப் புரட்டிப்போடுவதுபோல் அமைக்கப்பட்டிருந்தது. அதை வகுத்தவர்கள் உயிர்களைக் காக்கவே முயன்றார்கள். நல்ல நோக்கத்தோடு, உண்மையில்லாத ஒரு பயத்தையும் அதற்கு உண்மையில்லாத ஒரு மருந்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

இங்கே மறுபடி அந்த ஆறு கால்களை நினைவுகூர வேண்டும். கடுமையான அசைவுகளில் உடலை இருக்கையோடு அழுத்தும் நீடித்த விசையைப் பெட்டியால் தர முடியாது. விமானம் கவிழும் நிலையிலிருந்து மீளும் பயிற்சியில் விமானி கட்டுப்பாட்டுத் தண்டைக் கடுமையாக இழுத்தால், உண்மையில் இறக்கை தாங்க முடியாத சுமை வந்திருக்கும். பெட்டிக்குள் அவருடைய உடலுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் விமானம் அழகாக மீண்டிருக்கும். ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்று பயிற்றுநர் சொல்லிவிட்டால், விமானத்தை உடைக்கும் வித்தையை அவர் பாராட்டியதாக ஆகும். ஆகவே இப்போது பயிற்றுநரின் திரையிலேயே இறக்கைச் சுமையையும், சிமுலேட்டரின் கணக்கு நம்பத்தக்கதாக இருக்கும் எல்லையையும் காட்டும் வரைபடங்கள் வந்துவிட்டன. மீட்சி அழகாக இருந்ததா என்பதை விட்டுவிட்டு அந்தக் கோடு எங்கே போனது என்று பார்ப்பவரே இதற்குத் தகுதியானவர்.

பிராந்திய விமானப் பயிற்சியை அடியோடு மாற்றியது 2009 பிப்ரவரி 12. அமெரிக்காவின் பஃபலோ நகரை நெருங்கிய கோல்கன் ஏர் நிறுவனத்தின் டேஷ் 8 கியூ400 விமானம், வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு வந்தது. கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தது. அப்போது மூக்கைத் தாழ்த்த வேண்டும். கேப்டன் தண்டைப் பின்னுக்கு இழுத்தார். மூக்கைத் தாழ்த்துவதற்காகத் தண்டைத் தானே முன்னே தள்ளும் கருவி இயங்கியபோதும், அதை எதிர்த்து இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும், விழுந்த வீட்டில் ஒருவருமாக 50 பேர் இறந்தார்கள்.

ஏன் இழுத்தார் என்பதற்கு முழு விடை யாரிடமும் இல்லை. ஆனால் அந்தக் காலப் பயிற்சி எப்படி இருந்தது என்பது தெரியும். விமானிகள் தூக்குவிசை இழப்பின் வாசல் வரை மட்டுமே கொண்டுபோகப்பட்டார்கள். முன்னறிவிப்போடு, கைகளால் ஓட்டியபடி. தேர்வில் பார்த்தது எவ்வளவு குறைவாக உயரத்தை இழந்தார்கள் என்பதை. உயரத்தை விடாதே என்று பழகிய கைக்கு மூக்கைத் தாழ்த்துவது கூச்சமாகத்தான் இருக்கும். தண்டைத் தள்ளும் அந்தக் கருவியைப் பற்றி வகுப்பில் சொன்னார்கள். அது எப்படித் தள்ளும் என்று சிமுலேட்டரில் காட்டும் கட்டாயம் இருக்கவில்லை. உயிர் போகும் நொடியில்தான் அந்தக் கேப்டனின் கை அந்தத் தள்ளலை உணர்ந்தது என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. பின்னர் 2012இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், உயரத்தைக் காப்பதைவிட இறக்கையின் தாக்குகோணத்தை, அதாவது இறக்கை எதிர்வரும் காற்றைச் சந்திக்கும் கோணத்தை, குறைப்பதே முதல் வேலை என்று வழிகாட்டியது. 2013இல் வந்த விதி, முழுத் தூக்குவிசை இழப்பிலிருந்து மீளும் பயிற்சியை 2019 மார்ச்சுக்குள் கட்டாயமாக்கியது. அதுவரை பெரும்பாலான சிமுலேட்டர்களுக்கு அந்த எல்லைக்கு அப்பால் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கே சரியாக இருக்கவில்லை. மென்பொருளை மாற்றி, மறுபடி சான்று பெற வேண்டியிருந்தது. பயிற்றுநர்களும் முதலில் தாங்கள் பழகிய பழைய பாடத்தை மறக்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகள் ‘உயரம், உயரம்’ என்று சொன்ன வாய்க்கு அது சிறிய வேலை அல்ல.

நேபாளத்தின் பொக்ராவில் 2023 ஜனவரி 15 அன்று எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72-500 விழுந்து 72 பேரும் இறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நேரத்தில் ஓட்டுபவர், மெதுவாகப் பறக்க உதவும் இறக்கையின் பின்மடலான ஃபிளாப்பை நீட்டச் சொன்னார். மற்றவரின் கை, ஃபிளாப் நெம்புகோலுக்குப் பதிலாக அருகிலிருந்த வேறு இரண்டு நெம்புகோல்களை நகர்த்தியது. இரண்டு சுழல்விசிறிகளும் ஃபெதர் நிலைக்குப் போயின. அறிக்கை இதையே பெரும்பாலும் சாத்தியமான காரணம் என்கிறது. நகர்த்தியவர் ஒரு பயிற்றுநர் கேப்டன். பழக்கம் முற்றிய கைக்குத்தான் கண்ணின் துணை தேவையில்லை என்று தோன்றும். ஒரு நாளில் ஆறு முறை இறங்கும் பிராந்திய விமானியின் கை எவ்வளவு சீக்கிரம் முற்றிவிடும்! அதனால் இங்கே பயிற்றுநர் பார்க்க வேண்டியது, சரியான நெம்புகோல் நகர்ந்ததா என்பதை அல்ல, கை நகருமுன் கண் அங்கே போனதா என்பதை. பின் இருக்கையிலிருந்து முகம் தெரியாது. கழுத்தின் சிறு திருப்பம் மட்டுமே தெரியும். அதைக் கவனிக்கப் பழகுவதற்கே சில ஆண்டுகள் ஆகும்.

இந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்? ஒரு பகுதியினர் இன்னும் பறந்துகொண்டிருக்கும் கேப்டன்கள். இன்னொரு பகுதியினர் இனிப் பறக்காதவர்கள்: பன்னாட்டுப் பயணிகள் விமானங்களுக்கான 65 வயது எல்லையைத் தாண்டியவர்கள், மருத்துவத் தகுதியை இழந்தவர்கள். ஐரோப்பிய விதிகளின்படி, சிமுலேட்டரில் மட்டும் பயிற்சி தரும் பயிற்றுநருக்கு மருத்துவச் சான்று வேண்டியதில்லை. நாற்பது ஆண்டு அனுபவம் ஓர் இதயச் சோதனையோடு வீணாகாமல் போக இது வழி செய்கிறது. ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. ஐந்து ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே இருப்பவருக்கு வெளியே பறப்பு மாறிக்கொண்டிருப்பது தெரியாமல் போகும்; அவர் கற்பிக்கும் பறப்பு மெல்ல மெல்லப் பெட்டியின் பறப்பாகிவிடும். விமானி அறையின் கூடுதல் இருக்கையில் அவ்வப்போது உட்கார்ந்து உண்மையான பயணங்களைப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. ஆள் பற்றாக்குறையில் நிறுவனங்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான். அது சிக்கனமே அல்ல என்பேன்.

பயிற்சியின் போக்கும் மாறி வருகிறது. 2013இல் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ, சான்று அடிப்படையிலான பயிற்சிக்கான கையேட்டை வெளியிட்டது. பழுதுகளின் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதற்குப் பதிலாக, சூழலை உணர்தல், தொடர்பாடல், முடிவெடுத்தல், வேலைச் சுமையைப் பகிர்தல் போன்ற திறன்களை மதிப்பிடச் சொல்கிறது அது. நல்ல மாற்றம். பயிற்றுநருக்கு மட்டும் கடினம் கூடிவிட்டது. சுக்கான் மிதியை அழுத்தினாரா இல்லையா என்று எவரும் சொல்லிவிடலாம். துணை விமானி கேப்டனின் தவற்றைக் கண்டும் ஏன் அரைக்குரலில் சொன்னார் என்பதை விளங்கிக்கொள்ள வேறொரு காது வேண்டும்.

அந்தக் காது பயன்படும் இடம் பெட்டிக்கு வெளியே, அலசல் அறை. நான்கு மணி நேரத்தில் நடந்ததெல்லாம் அங்கேதான் பாடமாகிறது. கெட்ட அலசலை உடனே அடையாளம் காணலாம்: பயிற்றுநர் பேசிக்கொண்டே இருப்பார், இருவரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். நல்ல அலசல் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு தொடங்கும். ‘மூவாயிரம் அடியில் அந்த விளக்கு எரிந்தபோது நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?’ பிறகு மௌனம். அந்த மௌனத்தைத் தாங்கப் பயிற்றுநருக்குத் தெரிய வேண்டும். பத்து நொடி, பதினைந்து நொடி. விடை தெரிந்த ஆசிரியருக்கு அது மிக நீண்ட நேரம். ஆனால் ‘நான் எதையுமே பார்க்கவில்லை, கை அதுவாகப் போனது’ என்று விமானி தானே சொல்லும் வாக்கியம், பயிற்றுநரின் நூறு வாக்கியங்களுக்கு மேல் அவரோடு தங்கும்.

பெட்டிக்குள்ளும் இதே பொறுமைதான். தவறு தொடங்கியதும் காட்சியை உறையவைத்துத் திருத்துவதா, இல்லை ஓடவிடுவதா? புதியவருக்கு, ஒரு செயலை முதல் முறை கற்கும்போது, உடனே நிறுத்திவிடுவதே சரி. தவறு கையில் ஏறிவிடக் கூடாது. அனுபவமுள்ளவரிடம் நிறுத்தக் கூடாது. தவறு வளர்ந்து அவர்கள் கண்ணிலேயே படும்வரை விட வேண்டும். தாங்களே பிடித்துத் தாங்களே மீள்வதுதான் அவர்கள் அங்கிருந்து எடுத்துப்போக வேண்டியது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை ஒவ்வொரு விமானியிடமும் வேறு இடத்தில் இருக்கிறது. அதை எந்தக் கையேடும் சொல்லித் தராது.

கடைசியில் மதிப்பெண் தாள். வழக்கமாக ஒன்று முதல் ஐந்து வரை. மூன்று போடுவது எளிது. மூன்றுக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. இரண்டு போட்டால் கூடுதல் பயிற்சி, சிமுலேட்டர் நேரம், அட்டவணையில் ஓட்டை, ஓர் இளைஞரின் கலங்கிய கண்கள். ஆள் பற்றாக்குறையுள்ள நிறுவனத்தில் பயிற்றுநரிடம் யாரும் ‘தேர்ச்சி போடு’ என்று சொல்ல வேண்டியதில்லை, அட்டவணையே சொல்லிவிடும். கோல்கன் விபத்தின் கேப்டன் தன் தொழில்வாழ்க்கையில் பல சோதனைகளில் தோற்றிருந்தார். அவற்றில் சில, வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கே தெரிந்திருக்கவில்லை. அந்த விபத்துக்குப் பின் 2010இல் அமெரிக்கச் சட்டம் விமானிகளின் பதிவுகளுக்கான பொதுத் தரவுத்தளத்தை வேண்டியது. அதற்கான இறுதி விதி வர 2021 ஆனது. தரவுத்தளம் நல்லது. ஆனால் அதற்குள் போகும் சொற்களைத் தரவுத்தளம் எழுதாது.

‘பொதுவாக நன்று, நடைமுறைகளில் இன்னும் கவனம் தேவை’ என்று எழுதலாம். ஆயிரக்கணக்கான தாள்களில் அப்படித்தான் இருக்கிறது. படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அல்லது இப்படி எழுதலாம்: ‘வலப்புற இயந்திரம் நின்றபோது, மற்றவர் உறுதி சொல்லுமுன் நெம்புகோலை நகர்த்தத் தொடங்கினார். நகர்த்தியது சரியான நெம்புகோல்தான். பேசினோம். இரண்டாம் முறை காத்திருந்தார். மூன்றாம் முறை, வேலை குவிந்திருந்தபோது, மீண்டும் காத்திருக்கவில்லை. அடுத்த பயிற்சியில் முன்னறிவிப்பின்றி, ஏற்றத்தின் நடுவே, இதை மறுபடி பார்க்க வேண்டும்.’

ஆறு மாதம் கழித்து, வேறொரு நள்ளிரவில், அந்த விமானியை இதுவரை பார்த்தேயிராத இன்னொரு பயிற்றுநர் இந்தத் தாளைத் திறப்பார். படித்துவிட்டு, அன்றைய பயிற்சியில் ஆயிரத்து இருநூறு அடி உயரத்துக்கு ஒரு பழுதை அமைத்து வைப்பார்.